கேட் மூடியிருந்த நாள்

14.4.2024, ஞாயிறு

சித்திரை பிறந்துவிட்டது. மனைவி மாங்காய்ப் பச்சடி செய்தாள். எனக்கு இரண்டு கரண்டி வைத்துவிட்டுத் தான் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டாள். உப்பும் புளியும் பட்டால் எரிகிறதாம். ஆறு வாரமாக எரிகிறதாம். என்னிடம் சொன்னது பங்குனிக் கடைசியில்.

மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அம்மாவின் பித்தளை வெற்றிலைச் செல்லத்தை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. புகையிலைப் பொட்டலத்தை மட்டும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். எதற்குப் புதைத்தேன் என்று தெரியவில்லை. குப்பையில் போட்டிருக்கலாம்.

15.4.2024, திங்கள்

பழையதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் எல்லாம் ரயில்வே கேட்டில் வந்து நின்றுவிடுகிறது.

இன்றைக்கு வாடிப்பட்டி சாலையில் மேம்பாலம் ஏறி இறங்குகிறவர்களுக்குச் சோழவந்தான் என்பது அரை நிமிடம். எங்களுக்கு அந்த ஊரே கேட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டாக இருந்தது. மணி அடிக்கும். இரும்புக் கம்பம் மெல்ல இறங்கும். சைக்கிள்காரர்கள் வண்டியைச் சாய்த்துக் குனிந்து நுழைவார்கள். பஸ் நின்றதும் கண்டக்டர் இறங்கித் தேநீர் குடிக்கப் போவார். பையன்கள் வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் ஜன்னலுக்கு ஜன்னல் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கவுளி விற்கிற பையன் ஒருவன் எப்போதும் இருப்பான். சரக்கு வண்டி என்றால் பெட்டிகளை எண்ணுவோம். ஊரில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது கேட் மூடியிருக்கும்போது தெரிந்துவிடும். பகையாளிகள் இருவரும் ஒரே கம்பத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றாக வேண்டுமே.

1977 ஆகஸ்டு 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது நாங்கள் கேட்டில்தான் கூடி நின்று பார்த்தோம். அன்று அது மீட்டர்கேஜ் வண்டி. எனக்கு வேலை கிடைக்காத காலம். நிற்பதற்கு நேரம் நிறைய இருந்தது.

1983 ஆவணியில் வாடிப்பட்டியில் தாலி கட்டி, மாலையில் காரில் பெண்ணை அழைத்து வருகிறோம். கேட் மூடியிருந்தது. முன் இருக்கையில் அம்மா. அந்தப் பையன் வந்தான். அம்மாவுக்காக ஒரு கவுளி வாங்கினேன். அதிலிருந்து இரண்டு வெற்றிலையைக் காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி மடித்து அவள் கையில் கொடுத்தேன். நான் அவளுக்குக் கொடுத்த முதல் பொருள் அது. வாயில் போட்டுக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள். நாலைந்து வார்த்தை இருக்கும். சிரித்துக்கொண்டு சொன்னாளா, முகத்தைச் சுளித்தாளா என்பதும் நினைவில்லை. எஞ்சின் சத்தம் நினைவிருக்கிறது. அவள் கழுத்து மாலையில் ஒரு ரோஜா உதிர்ந்து அம்மாவின் தோளில் விழுந்தது நினைவிருக்கிறது. அவள் சொன்னது மட்டும் இல்லை.

அடுத்த அறையில்தான் இருக்கிறாள். எழுந்துபோய்க் கேட்டுவிடலாம். இந்த வாரத்தில் போய் இதைக் கேட்டால், எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

16.4.2024, செவ்வாய்

அவள் செல்லத்தைத் தேடவில்லை. தேடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

17.4.2024, புதன்

மதுரை போய்த் திரும்பினோம். டாக்டர் சின்னப் பெண். எங்கள் மகளைவிட இளையவள். "அம்மா, வாயைத் திறங்கள். உங்கள் மூன்று விரலைச் சேர்த்து உள்ளே வையுங்கள்" என்றாள். இவளுக்கு இரண்டு விரல் போவதே பாடாக இருந்தது. கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படலம், அதன் நடுவில் ஆறாத புண். விளக்கைப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னாள். நாற்பது ஆண்டாக நான் பார்த்த முகம். அதற்குள் இப்படி ஓர் இடம் இருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

"எத்தனை வருடமாக வெற்றிலை போடுகிறீர்கள்?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, "வெற்றிலை மட்டும்தான், அதுவும் எப்போதாவது" என்றேன்.

டாக்டர் எழுதப் போனாள். "புகையிலையும் உண்டு" என்று இவள் சொன்னாள். "தினமும் நாலைந்து தடவை." பேனா நின்றது. டாக்டர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துண்டு சதை எடுத்தார்கள். கடுகைவிடப் பெரிது, மொச்சையைவிடச் சிறிது. கண்ணாடிச் சீசாவில் போட்டு அவள் பெயரை ஒட்டினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகுமாம். நடுவில் தேர்தல், திருவிழா, உள்ளூர் விடுமுறை.

திரும்பும்போது கோச்சடை, துவரிமான், மேலக்கால் வரை பேசவில்லை. வாயில் பஞ்சு. ஏடகம் வந்ததும் கைகூப்பினாள். மதுரையில் சமணரோடு வாதுசெய்தபோது சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து வந்து ஒதுங்கிய இடம். ஏடு ஒதுங்கியதால் ஏடகம். மகளுக்குச் சிறு வயதில் இந்தக் கதையை இவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! ஒவ்வொரு முறையும் ஏடு இன்னும் கொஞ்சம் வேகமாக நீந்தும்.

18.4.2024, வியாழன்

காய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்தாள். மகள் இரண்டு முறை போன் செய்தாள். மகன் ஒரு முறை. இருவரிடமும் "பல் வலி" என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

19.4.2024, வெள்ளி

ஓட்டுப் போட்டோம். வரிசையில் நிற்க வேண்டாம், பெரியவர்கள் முன்னால் போகலாம் என்றார்கள். அவள் மறுத்துவிட்டு முக்கால் மணி நேரம் வரிசையிலேயே நின்றாள். தெரிந்த பெண்கள் எல்லாரும் இருந்தார்களாம். ஒவ்வொருத்தியிடமும் பேசினாள். வலது பக்கத்துக் கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு பேசினாள்.

வீட்டுக்கு வந்து விரல் மையைக் காட்டி, "இது அழிவதற்குள் தெரிந்துவிடும், இல்லையா?" என்றாள்.

20.4.2024, சனி

தூக்கமில்லை. மூன்று மணிக்கு எழுந்து இதை எழுதுகிறேன்.

தபால் அலுவலகத்தில் காலையில் முதல் வேலை முத்திரையில் தேதி மாற்றுவது. சின்ன உலோக எண்களை இடுக்கியால் எடுத்து மாற்றி, மை தொட்டு, பழைய தாளில் ஒருமுறை குத்திப் பார்ப்பேன். தெளிவாக விழுந்தால்தான் அன்றைய நாள் தொடங்கும். 34 ஆண்டு செய்தேன். ஒரு நாள்கூடத் தேதி பிசகியதில்லை. அந்த நான்தான் ஒரு மாலைநேரத்தில் பேசப்பட்ட நாலைந்து வார்த்தையைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். அதற்கு முன்னால் தந்தி என்றாலே ஊரில் அழுகை. தந்திச் சேவகர் விடுப்பில் இருந்தால் நானே கொண்டுபோவேன். முள்ளிப்பள்ளத்தில் ஒரு வீடு. திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் என் கையில் இருந்த உறையைப் பார்த்ததுமே முறத்தைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே இருந்ததோ, பேரன் பிறந்த செய்தி. படித்துச் சொன்ன பிறகும் அவருக்கு அழுகை நிற்கவில்லை. அன்று ஆற்றைக் கடந்து திரும்பும்போது நினைத்தேன், தாளை நீட்டுகிறவனுக்கு எதுவும் இல்லை, எல்லாப் பாரமும் வாங்குகிற கைக்குத்தான் என்று.

15ஆம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதும் பொய். மறைத்தேன். அந்த வெற்றிலையை மடிப்பதற்குமுன் அம்மாவின் சுருக்குப்பையில் இருந்து ஒரு சிட்டிகை புகையிலை எடுத்து உள்ளே வைத்தேன். புதுப்பெண் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்ற விளையாட்டு. அம்மாகூட, "வேண்டாம்டா" என்றார். வைத்தேன். அவள் மென்றாள். ஏதோ சொன்னாள்.

21.4.2024, ஞாயிறு

மீனாட்சி திருக்கல்யாணம். தொலைக்காட்சியில் பார்த்தோம். எதிர்வீட்டு அக்காவும் வந்திருந்தார். திருமாங்கல்யம் ஏறுகிற நேரத்தில் இருவரும் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் மாற்றுவதுதான். முடிச்சுப் போட அவள் கை பின்கழுத்துக்கு எட்டவில்லை. அக்கா எழுந்தார். "இல்லை, அவரே போடட்டும்" என்றாள்.

போட்டேன்.

22.4.2024, திங்கள்

தேர். வெயில். ஊரே மதுரையில்.

23.4.2024, செவ்வாய்

மதுரையில் அழகர் இறங்குகிற அன்றே எங்கள் ஊரிலும் ஜெனகநாராயணப் பெருமாள் கள்ளழகர் கோலத்தில் வைகையில் இறங்குவார். விடியுமுன் தனியாகப் போனேன். அணையில் திறந்துவிட்ட தண்ணீர் மணலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் ஆட்டம் போட்டார்கள். திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றுவதற்கு முன்னால் அழகர் இந்தப் பக்கத்துத் தேனூரில்தான் இறங்கினார் என்று அப்பா ஆண்டுதோறும் இதே கரையில் நின்று சொல்வார், தன் வீட்டுச் சொத்தை யாரோ எழுதி வாங்கிக்கொண்டதுபோல. அப்பாவின் குரல் அப்படியே காதில் இருக்கிறது. அவர் நிறுத்தும் இடம்கூட நினைவிருக்கிறது. வேண்டியது மட்டும் வருவதில்லை.

கரையில் வெற்றிலைக் கூடைகள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த வெற்றிலை இது, சும்மா இல்லை. அகத்தி நிழலில், உச்சி வெயிலிலும் ஈரம் வற்றாத கொடிக்காலில் வளர்ந்த இலை. வாயில் வைத்தால் மெல்லிய காரம் வந்து அடங்கும். அந்த இலைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாவம், அதற்குள் எதை வைத்து மடிக்கிறோம் என்று அதற்குத் தெரியுமா?

கூடைக்கார அம்மாள் எனக்குப் பழக்கம். "அண்ணே, மதினிக்குக் கவுளி வேண்டாமா?" என்றார். இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் தொலைக்காட்சிமுன் உட்கார்ந்திருக்கிறாள். முகம் மலர்ந்திருந்தது. "பச்சைப் பட்டு!" என்றாள். "அழகர் பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு இறங்கியிருக்கிறார்." பச்சை என்றால் செழிப்பு, நல்லது நடக்கும் என்பது எல்லாரும் சொல்வது. நான் அதை நம்புகிறேன். இந்த ஆண்டு நம்புகிறேன்.

24.4.2024, புதன்

தையல் போட்ட இடம் ஆறிவருகிறது. பழைய புண் அப்படியே.

சாயங்காலம் கூடத்துக்கு வந்தால் மேசைமேல் செல்லம். புளி போட்டுத் துலக்கித் தங்கம்போல மின்னுகிறது. பரண்மேல் எப்படி ஏறினாள்? திறந்து பார்த்தேன். வெற்றிலை வைக்கும் தட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சுண்ணாம்பு டப்பாவில் ஊக்குகள். பாக்கு வைக்கும் குழியில் மாத்திரை. அடியில், நான் தலையணைக்குக் கீழே வைத்திருந்த இந்த நோட்டு.

"காகிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று வைத்தேன்" என்றாள்.

25.4.2024, வியாழன்

இரவு விளக்கை அணைத்த பிறகு தானாகவே பேசினாள். நான் எதுவும் கேட்கவில்லை.

"நம் கல்யாணத்தன்று கேட் திறந்துதான் இருந்தது. நாம் நிற்கவே இல்லை. விளக்கு வைப்பதற்குள் பெண் வீட்டுக்குள் வந்தாக வேண்டும் என்று உங்கள் மாமா டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார். கேட் மூடியிருந்தது மறுவீட்டுக்குப் போனபோது. பஸ்ஸில். நீங்கள் இறங்கிப்போய் நுங்கு வாங்கி வந்தீர்கள்."

"நுங்கா?"

"ஆவணியில் ஏது நுங்கு என்று அப்போதே சண்டை போட்டேன். முற்றின காய். மெல்ல முடியவில்லை."

கொஞ்ச நேரம் கழித்து, "புகையிலை எங்கள் அப்பத்தா பழக்கியது" என்றாள். "வயதுக்கு வந்த வருடம். பல்வலி என்று அழுதேன், ஒரு துணுக்கு கிள்ளி ஈற்றில் வைத்தாள். உங்கள் வீட்டுக்கு வரும்போதே என் பெட்டியில் சேலைக்கு நடுவில் பொட்டலம் இருந்தது. உங்கள் அம்மாவுக்குத் தெரியும். நீங்கள்தான் எதையும் கவனிப்பதில்லை."

பிறகு தூங்கிவிட்டாள். அல்லது தூங்குவதுபோல மூச்சை மாற்றிக்கொண்டாள்.

எஞ்சின் சத்தம் கேட்டேன். ரோஜா விழுந்ததைப் பார்த்தேன். அம்மா "வேண்டாம்டா" என்றார். பஸ்ஸின் முன் இருக்கையில் அம்மா எப்படி இருப்பார்? மறுவீட்டுக்கு அம்மா வரவில்லை. மாலையோடு யாரும் மறுவீடு போவதில்லை. ஆனால் நுங்கு வாங்கியது எனக்குக் கனவில்கூட வந்ததில்லை. அவள் சொல்லிமுடித்ததும் நாக்கில் அந்த முற்றல் தட்டுப்படுகிறது.

இவள் என்னிடம் பொய் சொல்பவள் அல்ல. சொன்னது ஒரே ஒரு முறை. அப்பா மதுரையில் இறந்த அன்று, நான் அலுவலகத்தில் இருந்து போய்ச் சேரும்முன்பே போய்விட்டார். கடைசி நிமிடம்வரை என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். அவர் முதல்நாள் இரவே நினைவிழந்துவிட்டதைப் பல ஆண்டு கழித்து நர்ஸ் ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். இவளிடம் அதை இன்றுவரை நான் கேட்கவில்லை.

15ஆம் தேதிப் பக்கத்தை அடிப்பதா, விடுவதா?

26.4.2024, வெள்ளி

பதினொரு மணிக்குப் போன். நாளை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். "முடிவு வந்துவிட்டதா?" என்று கேட்டேன். "வாருங்கள் ஐயா, டாக்டர் பேசுவார். வீட்டில் வேறு யாராவது இருந்தால் கூட அழைத்து வாருங்கள்" என்றது அந்தக் குரல். 34 ஆண்டு உறையைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று இருந்தவன் நான். இதில் எதுவும் தெரியவில்லை.

மகளுக்குச் சொல்லிவிட்டேன். இரவு பஸ் பிடிக்கிறாள். பல் வலி இல்லை என்றும் சொல்லிவிட்டேன்.

27.4.2024, சனி

ஐந்தரை. மகள் வந்துவிட்டாள். அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். இருவரும் ஏதோ மெதுவாகப் பேசுகிறார்கள், இங்கே கேட்கவில்லை.

செல்லத்தில் இருந்து சீட்டுகளை எடுத்தேன். நான்கு. அவள் விரலில் மை இன்னும் இருக்கிறது. பஸ் வேண்டாம், கார் வைத்து வாடிப்பட்டி வழியாகப் போகலாம் என்கிறாள். கேட் இருந்த இடத்தை எனக்குக் காட்டவேண்டுமாம். மேம்பாலத்தின்மேல் இருந்து என்ன தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவள்

கார் வந்துவிட்டது.