தகடு அழுத்தும் சிமுலேஷனைத் திட்டவேலையாக எடுப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெக்கானிக்கல் கடைசி ஆண்டு படிக்கும் நம் பிள்ளைகள் சிலர், தகடு அழுத்தும் சிமுலேஷனை, அதாவது உலோகத் தகட்டை பிரஸ்ஸில் அழுத்திப் பாகமாக்குவதை முதலில் கணினியில் ஓட்டிப் பார்ப்பதை, திட்டவேலையாக எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். புரோஸ்பெக்டனில் டொயோட்டா ஆலை இருக்கிறது. கார் பாகம் செய்பவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது மென்பொருளைத்தான். ஆட்டோஃபார்மா, எல்எஸ்-டைனாவா? கல்லூரியில் எதற்கு லைசென்ஸ் உண்டோ அது போதும். தலைவலியெல்லாம் உள்ளே கொடுக்கும் எண்களில்தான்.

தகட்டோடு வரும் சான்றிதழில் இழுவலிமையும் நீட்சியும் இருக்கும். ‘என்’ (இழுக்க இழுக்கத் தகடு எவ்வளவு இறுகும் என்பது), ‘ஆர்’ (இழுக்கும்போது மெலியாமல் எவ்வளவு தாங்கும் என்பது) மதிப்புகள் பல சமயம் இருக்காது. உடனே தரப் புத்தகத்தைப் புரட்டுவோம்: டிசி04 என்ற மென் எஃகுத் தகட்டுக்கு ‘ஆர்’ 1.6, ‘என்’ 0.18. ஆனால் அவை குறைந்தபட்ச அளவுகள்; கையில் இருக்கும் தகடு அதைவிட நன்றாக இருக்கலாம். தகடு எவ்வளவு நீண்டால் கிழியும் என்று கணிக்கும் கீலர் சூத்திரப்படி, 1 மி.மீ. மென் எஃகில் ‘என்’ 0.21 என்றால் கிழியும் எல்லையின் அடிமட்டம் சுமார் 37 சதவீத நீட்சி, 0.18 என்றால் 32. அதனால் கிழியும் என்று திரையில் சிவப்பாகத் தெரியும் மூலை பிரஸ்ஸில் ஒன்றும் ஆகாமல் வரலாம். அப்புறம் பட்டறையில் யாரும் உங்கள் படத்தை நம்ப மாட்டார்கள். ஆகவே உருட்டிய திசை, 45 பாகை, 90 பாகை என மூன்றிலும் துண்டு வெட்டி இழுவைச் சோதனை செய்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

சிறு பட்டறைக்காகச் செய்கிறீர்களா? ஒரு பக்கப் படிவம் போதும்: தகட்டின் ரகம், தடிமன், எண்ணெய், பிரஸ்ஸின் டன் அளவு. மெஷ் (கணக்குக்காகத் தகட்டைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பது), உராய்வு எண் போன்றவற்றை நீங்களே முன்கூட்டி நிரப்பி வையுங்கள். விலை சொல்லும் கட்டத்தில், முடிந்த வடிவத்திலிருந்து ஒரே தாவலில் தட்டைத் தகட்டுக்குத் திரும்பும் ஒரே படிக் கணக்கு போதும்; பாகத்தின் வடிவம் இருந்தால் தகட்டை எந்த அளவில் வெட்டுவது என்று சீக்கிரம் சொல்லிவிடும். டை (அழுத்தும் அச்சு) வடிவமைத்த பிறகு முழுக் கணக்கை ஓட்டலாம். அலுமினியம் என்றால் ஸ்பிரிங்பேக்கை, அதாவது அழுத்தம் விட்டதும் தகடு கொஞ்சம் பின்வாங்குவதை, தவறாமல் பாருங்கள். அதன் மீள்மைக் குணகம் 70 ஜிகாபாஸ்கல், எஃகுக்கோ 210; குறைவாக இருந்தால் கூடுதலாகப் பின்வாங்கும்.

முடிவைச் சொல்லும்போது வண்ணப் படத்தை ஓரமாக வையுங்கள். பிரஸ் ஓட்டும் அங்கிள் கேட்பது, “எங்கே கிழியும், தம்பி? தகட்டின் ஓரப் பிடியைத் தளர்த்தினால் சுருக்கம் விழுமா?” என்பதுதான். அந்த இடத்தில் மிஞ்சும் தடிமனை மில்லிமீட்டரில் சொல்லுங்கள்.

சரிபார்க்க, தகட்டில் சிறு வட்டங்கள் பதித்து அழுத்தி, நீள்வட்டமாக மாறியதை அளந்து ஒப்பிடுங்கள். இன்னொன்று, கணக்கு நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் கோப்பு அடிக்கடி சேமிக்கும்படி வையுங்கள். லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) எப்போது திரும்புமோ, யார் கண்டது!