பட்டின் நிறம்

இணையத்தில் செய்தி எழுத வந்த புதிதில் எனக்குத் தலைவலி செய்தி அல்ல, எழுத்துரு. தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு. அதை இறக்கி நிறுவாதவருக்குச் செய்தி கோழி கிளறியதுபோலத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று கணினித் தமிழுக்கான எழுத்துக் குறியீடுகள் வந்தன. டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு ஒரு பக்கம் ஓடியது. எல்லாருக்கும் பொதுவான யூனிகோடு பரவிய பிறகுதான் மூச்சு விட்டோம். மாற்றாமல் விட்ட என் பழைய செய்திகளை இன்று திறந்தால் எனக்கே ஒரு வரி படிக்க முடியாது. பிழைகளும் அதோடு போயின, அந்த மட்டில் நிம்மதி.

தினத்தந்தி 1942-இல் பிறந்த ஊர் மதுரை. இங்கே பேப்பரில் ஒரு தப்பு வந்தால் டீக்கடையில் மடித்து வைத்து மறுநாளும் காட்டுவார்கள். எங்களுக்கு அந்தப் பயம் கிடையாது. இரண்டு நிமிடத்தில் திருத்திவிடலாம். வினையே அங்கேதான்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் செய்தியை முதல் நாள் இரவே எழுதி வைத்துவிடுவோம். தங்கக் குதிரை, கோவிந்தா முழக்கம், எல்லாம் தயார். காலியாக இருப்பது இரண்டே இடம்: இறங்கிய நேரம், பட்டின் நிறம். பச்சைப் பட்டு என்றால் அந்த வருடம் செழிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. வாசகர் முதலில் தேடுவதே அதைத்தான்.

ஒரு வருடம் அதிகாலையில் நான்தான் பொறுப்பு. ஆற்றுக்குள் நின்ற நிருபருக்கு லைன் கிடைக்கவில்லை. அத்தனை கூட்டத்தை எந்த டவர் தாங்கும்? இன்னொரு தளம் முந்திவிடுமோ என்ற பதற்றம். பச்சை என்று அடித்து, நேரத்தையும் குத்துமதிப்பாகப் போட்டு வெளியிட்டுவிட்டேன்.

ஐந்து நிமிடத்தில் அலுவலக போன் அடித்தது. ஆழ்வார்புரத்துப் பெரியவர் ஒருவர், வீட்டு லேண்ட்லைனிலிருந்து. "தம்பி, மொட்டை மாடியில நின்னு பாத்துட்டுத்தான் வர்றேன். அழகர் இன்னும் எறங்கவே இல்லையே. நீங்க எங்கேருந்து பாத்தீங்க?"

செய்தியைத் தூக்கினேன். அப்புறம் அழகர் இறங்கினார், பச்சையில்தான். "சரியாத்தானே போட்டீங்க, விடுங்க" என்றார்கள் கூட இருந்தவர்கள். என்னால் விட முடியவில்லை. தப்பாகியிருந்தால் திருத்தியிருப்பேன், மறந்தும் போயிருப்பேன். பார்க்காமல் எழுதியது சரியாக அமைந்துவிட்டால் எதைத் திருத்துவது?

அதிலிருந்து சித்திரைக்குச் சித்திரை நிருபருக்கு அடுத்து அந்தப் பெரியவர் வீட்டுக்குத்தான் போன் போடுவேன்.

"ஐயா, எறங்கிட்டாரா?"

"பொறு தம்பி. இன்னும் மண்டகப்படியிலதான் நிக்கிறாரு."