ஊருக்குப் போவீங்களா?

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வெள்ள நிவாரணக் கணக்கு என்று முப்பது வருஷத்துக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்தேன். எழுதியதில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒரு வரி மட்டும் எழுத்து மாறாமல் நிற்கிறது: "மேற்படி நபர்கள் தங்கள் விருப்பப்படி சொந்த ஊர் சென்று வருவதாகத் தெரிவித்தனர். அடைத்து வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை."

2000-களின் தொடக்கம். வட மாவட்டம் ஒன்றில் இருந்தேன். ஒரு அரிசி ஆலையில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் கொத்தடிமையாக இருப்பதாகக் கோட்டாட்சியருக்கு மனு வந்தது. விசாரிக்கப் போன குழுவில் வாக்குமூலம் எழுத என்னையும் சேர்த்தார்கள். நாங்கள் வரும் சேதி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஆலை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். டீ, மிக்சர் எல்லாம் வந்தது. கேட் அகலத் திறந்து கிடந்தது.

அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தொட்டியில் ஊறிய நெல்லை நடுராத்திரிக்கு மேல் அவித்து, விடிவதற்குள் களத்தில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். பிறகு வெயில் ஏற ஏற, வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே களத்தை மேலும் கீழும் நடக்க வேண்டும். ஒரு பக்கம் காய்ந்தால் போதாது, புரண்டுகொண்டே இருக்க வேண்டும். கூலி மூட்டைக் கணக்கு. மழை பிடித்துக்கொண்டால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குதிகால் மட்டும் கிழவியுடையது. வெடிப்புக்குள் உமித் துணுக்குகள் ஏறி உட்கார்ந்திருந்தன.

"உங்களை இங்க அடைச்சு வெச்சிருக்காங்களாம்மா?"

"இல்ல சார்."

"அடிக்கிறாங்களா?"

வாசலில் நின்ற மேலாளரை ஒரு தரம் பார்த்தாள். "இல்ல சார்."

"ஊருக்குப் போவீங்களா?"

"போவோம் சார். சாவு, கண்ணாலம்னா போவோம்."

எழுதினேன். நடுவில் என் பேனா நின்றுபோனது. மேலாளர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பேனாவால்தான் மீதியை எழுதி, ஒவ்வொருவரிடமும் கைநாட்டு வாங்கினேன். மனு தள்ளுபடியானது.

எங்களில் யாரும் காசு வாங்கவில்லை. இதை நியாயத்துக்காகச் சொல்லவில்லை. வாங்கியிருந்தால் அது வேறு கதை, புரிந்துகொள்ளவும் சுலபம். கொத்தடிமை என்றால் சங்கிலி, பூட்டு, சவுக்கு என்று எங்கள் மனதில் சினிமாப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது எதுவும் அங்கே இல்லை. முன்பணம் வாங்கியிருந்தார்கள், வேலை செய்தார்கள். நான்கூட அப்போது கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கிச் சம்பளத்தில் கட்டிக்கொண்டிருந்தேன்.

சட்டத்தை உருப்படியாகப் படித்தது வெகுநாள் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பில். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைத் தேடச் சொல்லவே இல்லை. கடனோ முன்பணமோ வாங்கியதற்காக ஒருவர் நான்கில் ஒன்றை இழந்திருந்தால் போதும் என்கிறது. ஒன்று, குறைந்தபட்சக் கூலி. மற்றவை வேறிடத்தில் வேலை தேடும் உரிமை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமை, உழைப்பின் பலனைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. 'இது கொத்தடிமைக் கடன் அல்ல' என்று நிரூபிக்கும் பொறுப்பை 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. நாங்கள் செய்தது நேர்மாறு. களத்தில் நடந்து வந்தவளிடம் சாட்சி கேட்டோம்.

ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அங்கேதான் கேட்டேன். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைத்தால் அதுவே கட்டாய உழைப்பு, அரசியலமைப்பின் 23ஆவது பிரிவுக்கு எதிரானது. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்வதும் பலவந்தம்தான். நீதிபதி பகவதியின் தீர்ப்பு. நான் அந்த ஆலைக்குப் போனபோது அதற்கு இருபது வயது ஆகியிருந்தது.

உலகம் முழுக்க 2021இல் ஏறக்குறைய 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாளி அமைப்புகளும் மதிப்பிட்டிருக்கின்றன. அதில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில், மீதி கட்டாயத் திருமணத்தில். பெரும்பாலும் வீடு வீடாகக் கேட்டு வந்த மதிப்பீடு இது. அரசாங்கக் கோப்புகளில் இருக்கும் கணக்கு இதன் பக்கத்தில்கூட வராது. ஏன் வராது என்பது எனக்குத் தெரியும்.

2017இல் இன்னொரு மனு வந்தது. இந்த முறை செங்கல் சூளை. சூளையில் வைத்து யாரையும் விசாரிக்கவில்லை. வண்டி வைத்து எல்லோரையும் அலுவலகத்துக்கு அழைத்துவந்து, சாப்பிட வைத்து, ஒவ்வொரு குடும்பமாகத் தனியாக உட்காரவைத்தோம். கல் அறுக்கிற ஒரு பெரியவரிடம் வழக்கமான கேள்விகள் போய்க்கொண்டிருந்தன.

"ஊருக்குப் போவீங்களா?"

"போவோம் சார்."

பேனா தாளில் பட்டுவிட்டது. என்ன தோன்றியதோ, "எல்லாருமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "அது எப்படி சார்? பெரிய பையன் இங்க நிப்பான். நாங்க திரும்பி வந்தாத்தான் அவன் போவான்."

பையனுக்குப் பதிமூன்று வயது இருக்கலாம் என்றார். வேறெந்தக் குடும்பமும் மாற்றிச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் அம்மா நிற்பாள், இன்னொரு வீட்டில் தம்பி. அடகு வைத்த அண்டாவைப் பற்றிப் பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னார்கள்.

மேஸ்திரியின் கணக்கு நோட்டும் கிடைத்தது. ஐந்து வருஷத்துக்கு முன் பெரியவர் வாங்கிய முன்பணம் 15,000 ரூபாய். ஐந்து பருவம் கல் அறுத்த பிறகு பாக்கி 38,000. வாரச் செலவு, மாத்திரை, பொங்கலுக்குப் புடவை, போன சாவுக்குப் பஸ் காசு, எல்லாம் ஏறியிருந்தது. அறுத்த கல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இளைத்துக்கொண்டே வந்தது.

கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பெரியவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "கடன் இல்லன்னு இதுல போட்டிருக்கா சார்?" போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு நாலாக மடித்து, பாலிதீன் பையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகமில்லை. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்த நேர்வுகளில் 3 லட்சம். ஆனால் கைக்கு உடனே வந்தது 20,000 வரைதான். பின்னால் அதை 30,000 ஆக்கினார்கள். மீதிப் பணம் வர, முதலாளி குற்றவாளி என்று தீர்ப்பாக வேண்டும். வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும் என்பது வருவாய்த் துறைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலில் அடுத்த முன்பணத்தோடு இன்னொரு மேஸ்திரி நிற்கிற குடும்பத்துக்கு இப்படி ஒரு நிபந்தனை வைத்தவர்கள், அந்தக் குடும்பத்தோடு ஒரு வாரம் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். குற்றம் நிரூபணமானால் 3 வருஷம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1976இல் எழுதிய அதே 2,000.

அந்த வாரமே பழைய அலுவலகத்துக்குப் போய், ஆலைக் கோப்பைத் தேடினேன். குறைந்தபட்சம் அந்தக் குடும்பங்களின் ஊர்ப்பெயராவது கிடைக்கும் என்று நினைத்தேன். பதிவறைக்காரர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்.டிஸ். போட்டு முடிச்சிருக்கு சார். ஒரு வருஷத்துல கிழிச்சிருப்பாங்க."

எல்.டிஸ். என்றால் வைத்துப் பாதுகாக்கத் தேவையில்லாத கோப்பு. முடிவு செய்யச் சொல்லிக் குறிப்பு எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. பதிவேட்டில் ஒற்றை வரி இருந்தது. மனுவின் எண், தேதி, பொருள்: "அரிசி ஆலைத் தொழிலாளர்கள், 8 குடும்பங்கள்." பெயர் எதுவும் இல்லை.