மோதிர விரல் நுனி போன பிறகு

இடது கை மோதிர விரலின் நுனி, பாதி நகத்தோடு போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மரம் இழைக்கும் மெஷினில் தள்ளுகட்டை இல்லாமல் கையாலேயே பலகையைத் தள்ளினேன். பலகை ஒரு துள்ளு துள்ளியது. அந்த மெஷின் சதையைச் சீவிவிடும், அதனால் திரும்ப ஒட்டவைக்க எதுவும் மிஞ்சவில்லை. டாக்டர் எலும்பின் முனையைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, தோலை இழுத்து மூடித் தைத்தார். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். வேலையைச் சொல்ல வாய் வரவில்லை. "கிட்டார் வாசிப்பேன் டாக்டர்" என்றேன். பதினாறு வயதிலிருந்து மெட்டல், அதாவது ராக் இசையின் கனமான, உரத்த வகை, வாசிக்கிறவன். வலது கைக்காரன், ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் சுரம் பிடிக்கும் இடம்) அழுத்துவது இடது கை.

கட்டோடு வீட்டில் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: டோனி அயோமி. மெட்டல் கேட்கிற யாருக்கும் அந்தக் கதை தெரியும். பிளாக் சாபத் என்ற குழுவின் கிட்டாரிஸ்டுக்கு இரண்டு விரல் நுனி கிடையாது, ஆனாலும் ஒரு இசை வகையையே தொடங்கிவைத்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். எனக்கோ அந்த ஒரு வரி எரிச்சலாக இருந்தது. அவர் என்ன செய்தார், எதை முதலில் செய்தார் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் அவர் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன்.

அயோமி 1948-இல் பர்மிங்காமில் பிறந்தவர், இத்தாலிய வம்சாவளிக் குடும்பம், வீட்டுக்கு ஒரே பிள்ளை. சிறுவயதில் கையில் கிடைத்தது அக்கார்டியன். கிட்டார் பிறகுதான் வந்தது. இடது கைக்காரர். பலர் இதில்தான் தவறுகிறார்கள்: அவர் நுனிகளை இழந்தது வலது கையின் நடுவிரலிலும் மோதிர விரலிலும். அவருக்கு ஃப்ரெட்டில் அழுத்தும் கை அதுதான்.

1965, வயது 17. இரும்புத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு அன்று கடைசி நாள். வேறொரு குழுவோடு ஜெர்மனிக்கு வாசிக்கப் போக இருந்தார். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனி போகவில்லை என்றாராம். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பினார். பிரஸ் ஓட்டுகிற ஆள் அன்று வராததால் இவரை அந்த மெஷினில் நிறுத்தினார்கள். அது விரல்மேல் இறங்கியது. பதறிக் கையை இழுத்ததில்தான் நுனிகள் பிய்ந்தன. இதைப் படித்தபோது எனக்கு அயோமியைவிட அந்த அம்மாவைத்தான் நினைக்கத் தோன்றியது. என் அம்மா அந்த வாரங்களில் என் கிட்டார் பெட்டி இருந்த அறைக்கு வருவதையே தவிர்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் வாசிப்பு. 1928-இல் வண்டி வீட்டில் பிடித்த தீயில் ஜாங்கோவின் இடது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் செயலிழந்தன. தனி வாசிப்புகளை மற்ற இரண்டு விரல்களாலேயே வாசித்தார். நானும் அதே பதிவுகளைக் கேட்டேன். கேட்டதும் தைரியம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். முதல் நாள் அழுதேன். மூன்றாம் நாள் எந்தச் சுரத்தை எந்த விரலில் பிடித்திருப்பார் என்று எண்ணத் தொடங்கியிருந்தேன்.

கிட்டாரைத் திருப்பிப் பிடித்துக் கை மாற்றிக்கொள்ளலாமா என்பது முதல் கேள்வி. அயோமியும் யோசித்து விட்டுவிட்டார். அப்போதே மாற்றியிருக்கலாம் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நான் மூன்று வாரம் முயன்றேன். இடது கையால் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பிடித்தால் தாளம் நிற்கவில்லை. விட்டுவிட்டேன்.

தையல் ஆறியதும் வந்தது நான் எதிர்பார்க்காத தொல்லை. சட்டைத் துணி உரசினாலே மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும். இல்லாத நுனி சில இரவுகளில் அரிக்கும். பிசியோதெரபிஸ்ட் ஒரு வரிசை கொடுத்தார்: முதலில் பஞ்சால் தடவு, பிறகு மெல்லிய துணி, பிறகு சொரசொரப்பான துண்டு, கடைசியில் காய்ந்த மணல் நிரம்பிய டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவு. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. "வலிக்குதுன்னு விட்டுடாதீங்க, அந்த நரம்புக்குத் தொடுதல்னா என்னன்னு மறுபடியும் சொல்லிக் கொடுக்கிறோம்" என்றார். இரண்டரை மாதம் ஆனது. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. விபத்துக்குப் பின் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பயிற்சியைத்தான்.

அப்புறம் விரல் தொப்பி. அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, சால்டரிங் அயர்னால் குடைந்து, விரலுக்கு ஏற்றபடி தேய்த்து, பழைய ஜாக்கெட்டின் தோலை மேலே ஒட்டினார். அதையே நானும் செய்தேன். முதல் தொப்பி மிகத் தடிமன். ஒரு கம்பியைத் தொட்டால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அழுந்தியது. இரண்டாவதை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்கினேன். அளவு சரி, ஆனால் வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. தோல் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பழைய பெல்ட்டின் உள்பக்கத் தோலைச் சீவி ஒட்டினேன். முதல் நாள் பிடித்தது. நாலாம் நாள் தோல் மழுமழுவென்று ஆகிவிட, மறுபடி வழுக்கல். இப்போது வாசிக்க உட்காரும் முன் உப்புத்தாளில் இரண்டு தடவை உரசிக்கொள்கிறேன்.

தொப்பிக்குள் விரலுக்கு எதுவும் தெரியாது. கம்பி அடியில் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். கூடுதலாக அழுத்தினால் சுருதி ஏறிவிடும். அந்தச் சின்னப் பிசிறை இதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. இப்போது மற்றவர்கள் வாசிப்பிலும் அது காதில் விழுகிறது.

கம்பி விஷயத்தில்தான் அயோமியின் பாடம் எனக்கு நேரடியாக உதவியது. அந்தக் காலத்தில் அழுத்த எளிதான மெல்லிய கம்பி செட் கடையில் கிடைக்காததால் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் கம்பிகளை வாங்கிப் போட்டார். கம்பியைத் தளர்த்தி மூன்று அரைச்சுரம் கீழே, சி ஷார்ப்புக்கு இறக்கியது பிறகு, 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பம் சாதாரண ட்யூனிங்தான். கணக்கும் போட்டுப் பார்த்தேன். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 29 சதவீதம் குறையும். நான் 10 செட்டிலிருந்து அதைவிட மெல்லிய 9 செட்டுக்கு மாறி, சி ஷார்ப்புக்கும் இறக்கினேன். தொப்பி போட்ட விரலால் பெண்ட் செய்து, அதாவது கம்பியை வளைத்துத் தள்ளி, சுருதி சரியாகப் போய் நின்றது அன்றுதான் முதல் முறை. விளக்கைப் போடக்கூட எழாமல் இருட்டும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.

விரல்களையும் மாற்றிப் பழகினேன். பவர் கார்டை (இரண்டு சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) இத்தனை வருடம் ஆள்காட்டி விரல், மோதிர விரல் இரண்டிலும் பிடித்தவன், சுண்டுவிரலுக்கு மாறினேன். சுண்டுவிரல் முதல் மாதம் பத்து நிமிடத்தில் களைத்துவிடும். வேகமான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, பக்கமே போகவில்லை. பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை எடுத்தேன். மூன்றே சுரம்: ஜி, மேல் ஸ்தாயியில் அதே ஜி, பிறகு அந்த அமங்கலமான சி ஷார்ப். மெதுவாக நகர்கிற பாட்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் போய்ச் சேர நேரம் கொடுக்கும்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் பிளாக் சாபத்தின் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்ததை ஸ்ட்ரீமில் பார்த்தேன். அயோமிக்கு வயது 77. 2012-இல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் ஆல்பம் முடித்தவர், ஊர் ஊராக வாசித்தவர். சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடிய குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னைப் பார்த்துத்தான் உலகம் அழுதது. அவர் அதே மாதம் 22-ஆம் தேதி போய்விட்டார். நான் அந்த ஸ்ட்ரீமில் பெரும்பாலும் பார்த்தது அயோமியின் வலது கையை. கேமரா அருகில் போகும்போதெல்லாம் அந்த இரண்டு தொப்பிகளும் தெரிந்தன.

இப்போது வாரம் இரண்டு முறை எங்கள் குழுவோடு வாசிக்கிறேன். பழைய வேகத்தில் முக்கால்வாசி வந்திருக்கிறது. அக்கூஸ்டிக் கிட்டாரில் இன்னும் முடியவில்லை, அதன் கம்பி விறைப்புக்குத் தொப்பி நிற்பதில்லை. ஐந்தாவது தொப்பி மேஜைமேல் பாதியில் இருக்கிறது, தோல் ஒட்ட வேண்டும்.