17 சதவீத ஈரம்

திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராகப் பல பருவங்கள் வேலை பார்த்திருக்கிறேன். விலை அறிவிப்பு வரும் நாளில் டீக்கடையில் அதே பேச்சாகத்தான் இருக்கும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389. அதன் மேல் மாநில அரசின் ஊக்கத்தொகை 131, 156. ஆக 2,500, 2,545. நல்ல விலைதான். ஆனால் ஈரப்பதமானியைத் தாண்டினால்தான் அந்த விலை கைக்கு வரும்.

குவியலின் மேல், நடு, அடி என்று கைவிட்டு நெல்லை அள்ளிக் கலந்து, கருவியின் கிண்ணத்தில் போட்டுத் திருகை இறுக்கினால் எண் தெரியும். 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வயதான விவசாயிகள் சிலர் அதற்கு முன்பே ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, "பத்தொன்பது இருக்கும் சார்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

விதி தவறு என்று நான் சொல்லவில்லை. ஈர நெல்லை மூட்டை பிடித்து அடுக்கினால் உள்ளே சூடேறும், அரிசி பழுப்பாகும், ஆலையில் நொய் விழும். கடைசியில் ரேஷன் கடையில் அதை வாங்கிச் சாப்பிடுபவரும் ஏழைதான். சிக்கல் காலத்தில் இருக்கிறது. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் ஒன்றாக வந்து நிற்கின்றன. முன்பு கையால் அறுத்துக் கட்டுக்கட்டி, போர் போட்டு அடித்தார்கள்; அதற்குள் நெல் கொஞ்சம் உலர்ந்துவிடும். இப்போது ஆள் கிடைப்பதில்லை. பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் கிடைக்கிற நாளில் அறுக்க வேண்டியதுதான். வயலின் ஈரத்தோடு நெல் நேராக நிலைய வாசலுக்கு வந்துவிடுகிறது.

இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 சதவீத ஈரமுள்ள ஒரு குவிண்டால் நெல்லை 17-க்குக் காயவைத்தால் சுமார் மூன்றரைக் கிலோ எடை குறையும். பொது ரக விலையில் அது 90 ரூபாய். தார்ப்பாய் வாடகை, கிளறிவிடும் ஆள் கூலி, இரவுக் காவல் எல்லாம் சேர்ந்தால் 131 ரூபாய் ஊக்கத்தொகை அங்கேயே கரைந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் நெல் முளைத்தும் போகும். ஈரப்பதத் தளர்வு கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுதும், குழு வரும், மாதிரி எடுக்கும். அப்புறம் ஆணை வரும்வரை குவியல் காத்திருக்குமா?

குத்தகை விவசாயியின் பாடு இன்னும் மோசம். நிலையத்தில் காட்ட வேண்டிய சிட்டா, அதாவது நில உரிமைப் பதிவு, நிலக்காரர் பெயரில் இருக்கும். எழுத்தில் குத்தகை ஒப்பந்தம் இருக்காது. சாகுபடி செய்கிறார் என்று சான்று வாங்கி வருவதற்குள் வியாபாரி வண்டியோடு வந்து பாதிக் குவியலை ஏற்றியிருப்பார். அரசு அறிவித்த ஊக்கத்தொகையில் ஒரு ரூபாய்கூட அந்தக் குத்தகை விவசாயியின் கைக்குப் போகாது. அப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிய நாள்களில் எனக்குச் சோறு இறங்கியதில்லை.

ஊக்கத்தொகை உயர்வதை வரவேற்கிறேன். அதோடு கூரை போட்ட உலர்களம் ஒன்றும், நடமாடும் உலர்த்தும் இயந்திரம் ஒன்றும் ஒவ்வொரு நிலையத்துக்கும் வேண்டும். கூரையில்லாத சிமென்ட் களம் அக்டோபரில் உதவாது. காயவைக்க இடமில்லாமல்தான் மக்கள் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டுகிறார்கள். இரவில் இருசக்கர வண்டிகள் அதில் சறுக்குகின்றன. விலையை முடிவு செய்யும் கூட்டங்களில் உலர்களத்துக்கான நிதியையும் சேர்த்தே பேச வேண்டும். கூட்டம் நடப்பது மழைக்கு முன்பாக, ஜூனில் மேட்டூர் அணை திறக்கும்போதே இருந்தால் குறுவைக்குள் களம் கட்டி முடிக்க நேரம் இருக்கும்.