ஐந்து வகுப்பறைக்குப் பதினொரு கடிகாரம்

எங்கள் பள்ளிக்கு முதல் தடவை கல்விச் சீர் வந்த அன்று நான் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். மாறுதலில் புதிதாக வந்தவள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. முன்னால் மேளம், பின்னால் பெண்கள் வரிசையாகத் தாம்பாளங்களோடு வந்தார்கள். சீர் என்றால் தாய்மாமன் வீட்டிலிருந்து காதுகுத்துக்கும் சடங்குக்கும் வருவதைத்தான் நான் பார்த்திருந்தேன். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடத்துக்கும் சீர் செய்கிறார்கள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்துக்கு நடுவே சாக்பீஸ் டப்பா, சார்ட் கட்டு, ட்யூப் லைட், விளக்குமாறு, பிளாஸ்டிக் வாளி. கடைசியாக ஒரு டிராக்டரில் மாலை போட்ட இரும்பு பீரோ.

எல்லாவற்றையும் இறக்கி நோட்டில் பதிந்தபோது சுவர்க்கடிகாரம் மட்டும் பதினொன்று இருந்தது. எங்களுக்கு வகுப்பறை ஐந்து. "இனிமே ஒருத்தரும் மணி தெரியலன்னு சொல்ல முடியாது" என்றார் தலைமையாசிரியை. சிரித்தோம். அப்புறம் யோசித்துப் பார்த்தால் தப்பு எங்களுடையதுதான். என்ன வேண்டும் என்று ஊரிடம் யாரும் சொல்லவில்லை. கோயிலுக்குச் செய்வதுபோலச் செய்தார்கள், கோயிலுக்குள் நுழைவதுபோலத் தயங்கிக்கொண்டே வாசலோடு திரும்பியும் போனார்கள்.

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம் எங்கள் ஊருக்கு. நடுநிலைப் பள்ளி. நான் ஆறிலிருந்து எட்டு வரை கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். செட்டிநாட்டில் படிப்புக்குக் கொடுப்பது புதிதில்லை. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தார்கள். அவ்வளவு பெரிய கை உள்ள மண்ணில் பள்ளிக்கூடம் என்றாலே 'என்ன வாங்கித் தரலாம்' என்றுதான் யோசிப்பார்கள். எங்களுக்கும் அதே நினைப்புத்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றால் மின்விசிறி, குடிநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர். 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். எங்கள் குழுவிலும் இருந்தார்கள். நூறு நாள் வேலையிலிருந்து ஓடி வந்து, மண்வெட்டியை வாசலில் சாய்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ ஆறுவதற்குள் போய்விடுவார்கள். கூட்டத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாற்ற எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பாடத்துக்கு வெளியே செய்கிறவற்றுக்கும் குறைச்சல் இல்லை. 2022-லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது, அறிவியல் செய்து காட்டுகிற வானவில் மன்றத்துக்காரர்கள் பையில் சோதனைச் சாமான்களோடு வருகிறார்கள், மாதம் ஒரு படம் போடுகிறோம். நல்லவைதான். போட்டோ எடுத்து ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும், அது வேறு கதை. இடையில் வெளியூர்த் தொண்டு அமைப்பு ஒன்று சனிக்கிழமை ஓவிய வகுப்பு நடத்த வந்தது. பேனர், தொப்பி, பிஸ்கட். ஐந்தாவது சனிக்கிழமை பிள்ளைகள் வந்து கேட்டில் உட்கார்ந்திருந்தார்கள், வருகிறவர்கள் வரவில்லை. போன் செய்தால் 'புராஜெக்ட் முடிந்துவிட்டது' என்றார்கள். கிரேயான்களை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள்.

ஏழாம் வகுப்பில் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள்தான் வேறு மாதிரி ஒன்று நடந்தது. 'ஓர் அறையின் தரைக்கு எத்தனை ஓடுகள் தேவை' என்று புத்தகத்தில் கணக்கு. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், அதிகம் பேசாதவன், "டீச்சர், எங்கப்பா அதைத்தான் செய்யுது" என்றான். ஆத்தங்குடிக் கல் என்கிற தரை ஓடு போடுகிற பட்டறையில் வேலை. "அப்பாவைக் கூட்டிட்டு வாடா" என்றேன். மூன்று வாரம் கழித்து வந்தார், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு. "உள்ள வாங்கண்ணே" என்றால், "இருக்கட்டும் டீச்சர், கால்ல சிமெண்டு" என்றார். காலைக் கழுவிவிட்டு வந்திருந்தார், பார்த்தாலே தெரிந்தது. பையன் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டானோ என்று பயந்துதான் அத்தனை நாள் வராமல் இருந்திருக்கிறார். பள்ளியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று நாமே பழக்கி வைத்திருக்கிறோம்.

வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து அவர் செய்து காட்டினார். ஒரு கண்ணாடித் துண்டைத் துணியால் துடைத்து, தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, மேலே பூ வடிவத் தகட்டு அச்சு. சிறு கரண்டியால் சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலை அறை அறையாக ஊற்றினார். மஞ்சள், சிவப்பு, பச்சை. கரண்டி ஒரு அறையைத் தாண்டி அடுத்ததில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அச்சை நேராக மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கலக்காமல் நின்றன. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்ததைத் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு அமுக்கி மட்டம் செய்தார். "சுடுறதில்லையா மாமா?" என்று ஒருத்தி கேட்டாள். "சுடுறதே கிடையாதும்மா. காயணும், தண்ணியில ஊறணும், திரும்பக் காயணும். கண்ணாடியோட வழவழப்புத்தான் கல்லுக்கு வரும். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்."

எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் சும்மா இருக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, எட்டு அங்குலக் கல், எத்தனை வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் அடியை அங்குலமாக மாற்றத் தொடங்குவதற்குள் அவர் கையிலிருந்த கலவையைத் தட்டிவிட்டபடி, "இருநூத்தி எழுபது. உடைசலுக்குப் பத்துச் சேத்து இருநூத்தி எம்பது வாங்கணும்" என்றார். 15 வரிசை, வரிசைக்கு 18. பிள்ளைகளுக்கு அதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் பிடித்தது. அந்தப் பையன் மட்டும் நோட்டைத் திறக்கவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். உடைசலுக்குப் பத்து என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் பரப்பளவுக் கணக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வரி உண்டு: உடைசலுக்கு எவ்வளவு?

அதற்குப் பிறகு கேட்கக் கற்றுக்கொண்டோம். பொருள் கேட்பதை நிறுத்தி, யாருக்கு என்ன தெரியும் என்று கேட்டோம். மின்வேதியியல் ஆய்வகத்தைப் பார்வைக்குத் திறந்த நாளில் பிள்ளைகளைக் கூட்டிப் போய், உலோகத்துக்கு மேல் உலோகம் பூசுவதைக் காட்டினோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு சிறுமி, "எங்க ஐயா கரண்ட் இல்லாமயே பூசுவாரு" என்றாள். ஈயம் பூசுகிறவர். எவர்சில்வர் வந்து தொழில் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. பெட்டிக்குள் கிடந்த துருத்தியைத் தேடி எடுத்து வந்தார். பித்தளைக் குண்டானைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவியதும் வெள்ளைப் புகை கிளம்பியது, ஈயத்தைத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினார், உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிட்டது. கை நடுங்கியது, ஆனால் துணி சுற்றும்போது நடுங்கவில்லை. புளி போட்ட குழம்பைப் பூசாத பித்தளையில் வைத்தால் ஏன் களிம்பு ஏறும் என்பதை அவரே சொன்னார். நான் அமிலம் என்ற சொல்லை மட்டும் சேர்த்தேன்.

எல்லாம் இப்படி இனிப்பாகவே போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த ஐப்பசியில் மழைநீர். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர், இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டலாம். குளிர்பான பாட்டிலை வெட்டி மழைமானி செய்தோம். ஊரில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் ஒன்றைப் பார்த்துக்கொள்கிற ஆச்சி எங்களுக்காகக் கதவைத் திறந்துவிட்டார். முகப்பு, பட்டாலை தாண்டி, நடுமுற்றம் உள்ள வளவில் போய் நின்றால் நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் இறங்குகிற வழி தெரிகிறது. "மொத மழையை விட்டுருவோம், தூசி போகட்டும்னு. அடுத்த மழையில அண்டா வைப்போம்" என்றார் ஆச்சி. பிள்ளைகள் நாடா பிடித்தார்கள். கூரை 30 மீட்டருக்கு 20. 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் 24,000 லிட்டர். "அவ்வளவும் எங்க போச்சு ஆச்சி?" "எங்க போகும், ஊருணிக்குத்தான்."

அந்த 'ஊருணிக்குத்தான்' எங்களை வெளியே இழுத்தது. தெருவோரம் தண்ணீர் ஓடுகிற வழியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனார்கள். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரும் மேலாண்மைக் குழுவில் இருக்கிற இரண்டு அம்மாக்களும் கூட வந்தார்கள். எங்கே கல்பாலம் இருந்தது, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் எங்கே திரும்பும் என்று அவர்கள்தான் சொன்னார்கள். செம்புராங்கல் படி கட்டிய ஊருணி, பாதிக்குமேல் வறண்டு கிடந்தது. நான்கு வரத்துக்கால்களில் ஒன்றில் குப்பை. ஒன்று தார்ச்சாலைக்கு அடியில் போய்விட்டது. ஒன்று நன்றாக இருந்தது. நான்காவதை அடைத்து ஒரு சுற்றுச்சுவர் நின்றது. பிள்ளைகள் அளந்ததை அளந்தபடி சார்ட்டில் வரைந்தார்கள். ஓடுகிற வழிக்கு நீலம், அடைபட்ட இடத்துக்குச் சிவப்பு. சுவர் இருந்த இடத்தில் சிவப்பை இரண்டு தடவை தீட்டியிருந்தார்கள்.

அது யார் வீட்டுச் சுவர் என்று வரைந்தவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெற்றோர் வந்திருந்த நாளில் அந்தச் சார்ட்டைத் தாழ்வாரத்தில் மாட்டினேன். பெருமையாகத்தான் மாட்டினேன், கொஞ்சம் அசட்டுத் தைரியமும் இருந்திருக்கும். அந்தச் சுவர்க்காரரே வந்து நின்று பார்த்தார். கோபப்படவில்லை. "அங்க வாய்க்கால் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது டீச்சர். பத்திரத்துல அப்படி ஒண்ணும் இல்ல" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். வெளிநாட்டில் சம்பாதித்து வந்து கட்டிய வீடு, இடத்தைக் காட்டியவர் காட்டியதுதான் எல்லை. "அளந்தது எங்க பசங்கதானே? நல்லா அளந்திருக்காங்க" என்றும் சொன்னார். மறுநாள் காலை சார்ட் சுவரில் இல்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றார்.

தலைமையாசிரியைமேல் எனக்குக் கோபம் வந்தது, இப்போது இல்லை. ஊர் உள்ளே வர வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள். மின்விசிறியும் கடிகாரமும் வருகிறவரை அது சுலபம். பிள்ளைகள் ஊரை அளக்கத் தொடங்கினால் ஊரில் இருப்பதெல்லாம் தாளில் வரும். அதற்கு நான் தயாராக இருந்தேனா என்றும் கேட்டுக்கொள்கிறேன். சார்ட்டை மாட்டுவதற்கு முன் சுவர்க்காரர் வீட்டுக்குப் போய், பிள்ளைகளோடு அவரையும் வரத்துக்கால் ஓரம் நடக்க வைத்திருக்கலாம். ஓடு போடுகிறவரைக் கூப்பிட மூன்று வாரம் காத்திருக்கத் தெரிந்த எனக்கு, இவரிடம் ஒரு நாள் பொறுக்கத் தெரியவில்லை.

குப்பை கிடந்த வரத்துக்காலை மேலாண்மைக் குழு அம்மாக்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்து வெட்டிவிட்டார்கள். அந்த வருட மழையில் ஊருணியில் மூன்று படி தண்ணீர் ஏறியது. பையன்கள் தினமும் படியை எண்ணி வந்து சொன்னார்கள்.

சார்ட் இப்போதும் அலுவலக அறை பீரோவில் சுருட்டித்தான் இருக்கிறது. சீரோடு டிராக்டரில் வந்த அதே பீரோ, அந்தச் சுவர்க்காரர் கொடுத்தது. ஒவ்வொரு வருடமும் பரப்பளவு பாடம் வரும்போது சாவி வாங்கித் திறந்து, தரையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு கடிகாரங்களை வைப்பேன், சுருண்டுகொள்ளாமல் இருக்க. புதுப் பிள்ளைகள் நீலக் கோட்டில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வருவார்கள். சிவப்பு வந்ததும் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.