ஜன்னலுக்குக் கீழே

"சிங்க் மூலையிலயா, ஜன்னலுக்குக் கீழயாம்மா?"

சாக்பீஸும் கையுமாக மேஸ்திரி கேட்டார். திருவையாறு பக்கம் தங்கை கட்டும் வீடு.

அம்மா யோசிக்கவே இல்லை. "ஜன்னலுக்குக் கீழ வைங்க. பாத்திரம் தேய்க்கிறப்பவும் சுவத்தையே பாக்கணுமா?"

மேஸ்திரி டேப்பை இழுத்தார். மேடை 33 அங்குலம். ஜன்னல் அடிக்கட்டை அதைவிட நன்றாக உயரணும், இல்லையென்றால் தெறிக்கிற தண்ணீரில் சட்டம் ஊறிப்போகும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே திறந்தால் வளைந்த குழாயில் இடிக்கும். அந்தக் குழாயும் மேடையிலிருந்தே எழுகிற வகையாக வேணும், சுவரில் பதிக்க அங்கே சுவர் ஏது? கழிவுத் தண்ணீர் மட்டும் சுலபம். சுவரைத் தாண்டினால் கொல்லை வாழை.

எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் கிணற்றடியில்தான் பாத்திரம் தேய்ப்பார்கள். சாம்பலும் புளியும் தேங்காய் நாரும். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அத்தை, ஊர்க்கதை எல்லாம் அங்கேதான்.

குழாய் வீட்டுக்குள் வந்தது பெரிய நிம்மதி, சரி. ஆனால் வெளிச்சத்தையும் பேச்சுத்துணையையும் கொல்லையிலேயே விட்டுவிட்டோம். பிளான் போடுகிறவர்கள் ஹாலுக்கு எத்தனை ஜன்னல் என்று கேட்கிறார்கள். தேய்க்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.